ஓராண்டில் ஏ-லெவல் கணிதம்: காரைக்குடியிலிருந்து எழுதுபவர்கள் போட வேண்டிய கணக்கு

சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ ஓ-லெவல் (நம் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வு) வரை படித்துவிட்டுக் குடும்பத்தோடு காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ திரும்பும் பிள்ளைகள் செட்டிநாட்டில் எப்போதும் இருக்கிறார்கள். இங்கேயே பிளஸ் டூ முடித்து, லண்டனில் இருக்கும் சித்தப்பாவை நம்பி அங்கே விண்ணப்பிக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் கேட்பது ஒன்றுதான்: பிளஸ் டூ நிலையில் நடக்கும் பிரிட்டிஷ் தேர்வான ஏ-லெவலில், இரண்டு ஆண்டுக்கான கணிதத்தை ஓராண்டில் முடித்துவிட முடியுமா?

முடியும். ஆனால் ஓராண்டுத் திட்டம் உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில், மூன்றாம் தாளில். முதல் ஆறு மாதம் நன்றாகப் போகும், நவம்பர்த் தேர்வும் நன்றாக இருக்கும். அதன்பிறகு தொகையிடலும் கலப்பெண்ணும் ஒன்றாக வந்து விழும்போது நாள் போதாது. அதனால் முதல் வாரத்திலிருந்தே ஆண்டு முழுவதையும் மூன்றாம் தாளை மனத்தில் வைத்து அடுக்க வேண்டும்.

தாள்கள்

இந்தியாவிலிருந்து எழுதுவோர் பெரும்பாலும் எடுப்பது கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனலின் 9709 என்ற பாடம். அதில் மொத்தம் ஆறு தாள்கள், ஒரு மாணவர் எழுதுவது நான்கு. முதல் தாளும் மூன்றாம் தாளும் தூய கணிதம். இரண்டுக்கும் தலா 75 மதிப்பெண், 1 மணி 50 நிமிடம். நான்காம் தாள் இயக்கவியல், ஐந்தாம் தாள் நிகழ்தகவும் புள்ளியியலும். இவற்றுக்குத் தலா 50 மதிப்பெண், 1 மணி 15 நிமிடம். ஆக 250 மதிப்பெண், ஆறு மணி பத்து நிமிடத் தேர்வு. எடை 30, 30, 20, 20 விழுக்காடு. நான்காம் தாளுக்குப் பதிலாக ஆறாம் தாளை, அதாவது புள்ளியியலின் அடுத்த பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஐந்தாம் தாள் இல்லாமல் ஆறாம் தாள் கிடையாது.

முதல் பாதிக்கு ஏ-எஸ் என்று பெயர். முதல் தாளோடு நான்கையோ ஐந்தையோ சேர்த்து எழுதி ஏ-எஸ் வாங்கிவிட்டால், அந்த மதிப்பெண்ணை 13 மாதத்துக்குள் அடுத்த பாதியோடு சேர்த்து முழு ஏ-லெவல் ஆக்கிக்கொள்ளலாம். ஓராண்டுத் திட்டம் நிற்பதே இந்த விதியின் மேல்தான்.

இரண்டாம் தாள் ஒரு பெரிய பொறி. மூன்றாம் தாளின் எளிய வடிவம் போலத்தான் இருக்கும், 50 மதிப்பெண்தான். "முதலில் இதை எழுதிவிட்டு அப்புறம் மூன்றுக்குப் போவோம்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் முதல் தாளும் இரண்டாம் தாளும் சேர்ந்த ஏ-எஸ் அங்கேயே முடிந்துவிடும். முழு ஏ-லெவலுக்கு அதை எடுத்துச் செல்ல முடியாது. பதிவுப் படிவத்தில் ஓர் எண் மாறினால் அரையாண்டு உழைப்பு வீண். பள்ளி அலுவலகத்திலிருந்து வரும் பதிவுத் தாளில் எந்தெந்தத் தாள்கள் அச்சாகியிருக்கின்றன என்பதைப் பெற்றோரே ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இதே ஏ-லெவலை வேறு வாரியங்களும் நடத்துகின்றன. எடெக்ஸல் இன்டர்நேஷனலில் ஆறு அலகுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 75 மதிப்பெண். பிடிக்காத அலகை மட்டும் திரும்ப எழுதலாம். கேம்பிரிட்ஜில் ஒற்றைத் தாளை மட்டும் தனியாகத் திரும்ப எழுத வழியில்லை. இங்கிலாந்துக்குள் நடக்கும் ஏ-லெவல் 2017 பாடத்திட்டத்திலிருந்து எல்லாத் தாளையும் கடைசியில் ஒரே தவணையில் எழுதும் முறைக்கு வந்துவிட்டது. அது ஓராண்டுக்காரர்களுக்கு ஏற்றதல்ல.

நாள்காட்டி

9709 தேர்வு ஆண்டுக்கு மூன்று தவணை: பிப்ரவரி–மார்ச், மே–ஜூன், அக்டோபர்–நவம்பர். மார்ச் தவணை இந்தியாவுக்கென்றே இருப்பது. அதன் முடிவு மே மாதத்தில் வந்துவிடும். ஜூன் முடிவு ஆகஸ்டில், நவம்பர் முடிவு ஜனவரியில்.

பத்தாம் வகுப்பு முடித்து ஜூன் நடுவில் தொடங்கும் ஒருவருக்கு எங்கள் பரிந்துரை: அக்டோபர்–நவம்பரில் முதல் தாளும் ஐந்தாம் தாளும், அடுத்த மே–ஜூனில் மூன்றாம் தாளும் நான்காம் தாளும். சிங்கப்பூரில் ஓ-லெவல் முடிவு ஜனவரியில் வருவதால், அங்கிருந்து திரும்பியவர் ஜனவரியில் தொடங்கி ஜூனில் ஏ-எஸ், நவம்பரில் மீதி என்று போகலாம். அங்கே கூடுதல் கணிதம் எடுத்திருந்தால் வகையிடல், தொகையிடல், மடக்கை, பகுதிப் பின்னம் எல்லாம் ஏற்கெனவே கைக்கு வந்திருக்கும். அவருக்கு முதல் தாள் பாதி மீள்பார்வைதான்.

மார்ச்சில் இரண்டாம் பாதியை எழுதலாமே என்று பலர் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். முழு ஏ-லெவலுக்கு வழிகாட்டலோடு கூடிய 360 மணி நேரம் வேண்டும் என்பது கேம்பிரிட்ஜே சொல்லும் அளவு, ஏ-எஸ்ஸுக்கு 180. ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை சுமார் 16 வாரம், அதாவது வாரத்துக்கு 11 மணிக்குச் சற்று மேல். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை 24 வாரம், வாரத்துக்கு ஏழரை மணி. அதையே மார்ச்சுக்கு இழுத்தால் 15 வாரம்தான் மிஞ்சும், வாரத்துக்கு 12 மணி. இது பாடம் கேட்கும் நேரம் மட்டுமே, தனியாக உட்கார்ந்து கணக்குப் போடும் நேரம் இதே அளவு வேண்டும். கடினமான பாதிக்குக் குறைந்த நாள் ஒதுக்குவது தலைகீழ் ஏற்பாடு. அதோடு நவம்பர் முடிவு வருவதற்கு முன்பே மார்ச் பதிவு முடிந்துவிடும். ஏ-எஸ் எப்படி வந்தது என்று தெரியாமலே அடுத்த அடி வைக்க வேண்டியிருக்கும்.

மார்ச் தவணைக்கு ஒரே நியாயம் உள்ளூர்ச் சேர்க்கை. தமிழ்நாட்டிலேயே கல்லூரியில் சேர நினைப்பவருக்கு ஆகஸ்ட் முடிவு மிகத் தாமதம். அப்படிப்பட்டவர் ஒன்றை மறக்கக்கூடாது: கணிதம் என்ற ஒரு பாடம் மட்டும் பிளஸ் டூவுக்கு ஈடாகாது. சமநிலைச் சான்றுக்கு மற்றப் பாடங்களும் வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அப்போது வைத்திருக்கும் விதியைப் படித்த பிறகே பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாள்காட்டியில் ஊரையும் சேர்த்துக் குறியுங்கள். மாசி–பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் திருவிழா, வெளியூர் உறவெல்லாம் வீட்டில். கோடையில் கல்யாணம் என்றால் பங்காளி வீடு, தாய்மாமன் வீடு என்று ஒரு வாரம் கரைந்துவிடும். மூன்றாம் தாள் பயிற்சிக்கு மிக முக்கியமான மாதங்களும் இவையே. போகாதே என்று சொல்வது நடக்காத காரியம். அந்த வாரங்களைக் கணக்கில் கழித்துவிட்டுத் திட்டம் போட்டால் பின்னால் பதற வேண்டியதில்லை.

மூன்றாம் தாளை முன்கூட்டியே தொடங்குவது

முதல் தாளில் எட்டு அத்தியாயம்: இருபடிச் சார்புகள், சார்புகள், ஆயத்தொலை வடிவியல், வட்ட அளவை, முக்கோணவியல், தொடர்கள், வகையிடல், தொகையிடல். மூன்றாம் தாளில் ஒன்பது: இயற்கணிதம், மடக்கையும் அடுக்குக்குறிச் சார்பும், முக்கோணவியல், வகையிடல், தொகையிடல், எண்முறைத் தீர்வு, வெக்டர், வகைக்கெழுச் சமன்பாடு, கலப்பெண்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முக்கோணவியல், வகையிடல், தொகையிடல் மூன்றும் இரண்டிலும் இருப்பது தெரியும். இரண்டு ஆண்டு படிப்பவர் இவற்றை இடைவெளி விட்டு இரண்டு முறை படிப்பார். ஓராண்டில் முடிப்பவர் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. முதல் தாளுக்காக வகையிடல் படிக்கும் அதே வாரத்தில் பெருக்கல் விதியையும் வகுத்தல் விதியையும் முடித்துவிட வேண்டும். கூடுதலாக இரண்டு மூன்று நாள்தான் ஆகும். முக்கோணவியல் முற்றொருமைகள் படிக்கும்போதே கூட்டுக் கோணச் சூத்திரங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்படி முன்கூட்டி எடுத்தவர் நவம்பருக்குப் பிறகு மூன்றாம் தாளில் மூன்றில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவார்.

முதல் தாளில் சறுக்க வைப்பது நுண்கணிதத்தை விட இயற்கணிதம்தான். ஒரு பரவளையத்தை நேர்கோடு இரண்டு இடத்தில் வெட்ட அதன் சாய்வு என்னவாக இருக்க வேண்டும் என்று கேள்வி வரும். இரண்டையும் சமப்படுத்தி, தன்மைக்காட்டியை எழுதி, "சாய்விலிருந்து 3-ஐக் கழித்து வர்க்கப்படுத்தினால் 16-ஐ விடப் பெரிது" என்ற இடத்துக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். அடுத்த வரியில் வர்க்கமூலம் எடுத்து, "கழித்தது கூட்டல் அல்லது கழித்தல் 4-ஐ விடப் பெரிது" என்று எழுதும்போது கணக்கு கெடும். சரியான விடை சாய்வு 7-க்கு மேல், அல்லது மைனஸ் 1-க்குக் கீழ். அந்த அசமன்பாட்டின் பரவளையத்தை ஒரு சின்னக் கிறுக்கலாக வரைந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தத் தவறு வராது. அசமன்பாடு வரும்போதெல்லாம் படம் வரைய வைப்பது, மேலும் ஐம்பது கணக்குப் போட வைப்பதை விடப் பலன் தரும்.

மூன்றாம் தாளில் அதிக நேரம் கேட்பது தொகையிடல். விதிகளைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதும். எந்தக் கணக்குக்கு எந்த விதி என்று பார்த்தவுடன் தோன்றத்தான் இரண்டு மாதம் ஆகும். பிரதியிடலா, பகுதித் தொகையிடலா, பகுதிப் பின்னமா, இரட்டைக் கோணமா என்று முடிவெடுப்பதை மட்டும் தனிப் பயிற்சியாக வைக்கலாம். இருபது தொகையிடல்களை எழுதிக் கொடுத்து, விடை வேண்டாம், எந்த வழி என்று மட்டும் பக்கத்தில் எழுதச் சொல்ல வேண்டும். கால் மணி நேரப் பயிற்சிதான். வாரம் இருமுறை செய்தால் மாறுதல் கண்ணுக்குத் தெரியும்.

வகைக்கெழுச் சமன்பாட்டில் விழும் அடி வேறு மாதிரி. தொகையிட்ட உடனே மாறிலியைச் சேர்க்காமல், மடக்கையை நீக்கிய பிறகு கடைசியில் கூட்டல் மாறிலியாக ஒட்டுவார்கள். மடக்கையை நீக்கினால் அது பெருக்கல் மாறிலியாக மாறியிருக்க வேண்டும். இதனால் ஒரு மதிப்பெண்ணோடு நிற்காது, அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தவறாகிவிடும். தொகையிட்ட அதே வரியில் மாறிலி, அடுத்த வரியிலேயே தொடக்க நிபந்தனையைப் போட்டு அதன் மதிப்பு என்ற ஒழுங்கு கைக்கு வர வேண்டும்.

பிளஸ் டூவில் மாநிலப் பாடத்திட்டக் கணிதம் படித்து முடித்தவருக்குக் கலப்பெண்கள், வெக்டர், பகுதிப் பின்னம், வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் பழக்கமானவைதான். எண்முறைத் தீர்வு அவருக்குப் புதிது. ஐந்தாம் தாளில் இயல்நிலைப் பரவல் புதிது. இவர் ஆறேழு மாதத்தில் நான்கு தாளையும் ஒரே தவணையில் எழுதலாம். பத்தாம் வகுப்பு மட்டும் முடித்தவர் அந்த முயற்சியில் இறங்கக்கூடாது.

கால்குலேட்டர்

நம் கணிதப் பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. அதனால் இங்கே படித்த பிள்ளைகளுக்கு மனக்கணக்கும் கைக்கணக்கும் நன்றாக வரும், கருவி தடுமாற்றம் தரும். வரைபடம் காட்டும் வகை அனுமதி இல்லை. காரைக்குடியில் பொறியியல் மாணவர்கள் வாங்கும் சாதாரண அறிவியல் கால்குலேட்டர் போதும். ஆனால் அதை வாங்கித் தேர்வுக்கு முந்தின வாரம் பிரிப்பது தவறு, முதல் நாளிலிருந்து கையில் இருக்க வேண்டும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ரேடியன் முறையில் வைத்து 1 என்ற எண்ணுக்குக் கொசைன் எடுத்து, வரும் விடைக்கு மறுபடி கொசைன் எடுத்துக்கொண்டே போனால் அது 0.739-இல் வந்து நிற்கும். டிகிரி முறையில் அதையே செய்தால் 0.9998-இல் நிற்கும். இரண்டுமே அமைதியாக நிற்பதால் தவறு நடந்ததே தெரியாது. மூன்றாம் தாளின் எண்முறைத் தீர்வுக் கேள்வி முழுவதும் இப்படி அடிபட்டுப் போவதுண்டு. ஒவ்வொரு முக்கோணவியல் கேள்விக்கும் முன் திரையின் மேல் ஓரத்தில் எந்த முறை என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

விடையை மூன்று முக்கிய இலக்கத்துக்கும், டிகிரிக் கோணத்தை ஒரு தசம இடத்துக்கும் தர வேண்டும். இடையில் வரும் எண்களை அப்போதே சுருக்கிவிட்டால் கடைசி இலக்கம் மாறிவிடும், இடைவிடைகளைக் கருவியின் நினைவிலேயே வைக்க வேண்டும். வழி எழுதாமல் கருவி தந்த விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று வினாத்தாளின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

நான்கும் ஐந்தும்

ஐந்தாம் தாளை ஒழுங்கான பிள்ளை பெரும்பாலும் தானே படித்துவிடலாம். தடுக்கும் இடம் ஒன்றுதான்: ஈருறுப்புப் பரவலை இயல்நிலைப் பரவலால் தோராயப்படுத்தும்போது அரை எண் திருத்தம். 100 முயற்சி, வெற்றி வாய்ப்பு 0.4 என்றால் சராசரி 40, மாறுபாடு 24. 45-க்கு மேல் வரும் வாய்ப்புக்கு 45.5-ஐப் போட வேண்டும், விடை 0.131. திருத்தம் இல்லாமல் 45-ஐப் போட்டால் 0.154. "குறைந்தது 45" என்று கேட்டிருந்தால் 44.5. எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்வதை விட எண்கோட்டில் 44, 45, 46 என்று கட்டம் வரைந்து பார்ப்பதே பிழையில்லாத வழி.

நான்காம் தாளா ஆறாம் தாளா என்பதற்கு இயற்பியல் படிப்பவர் யோசிக்கவே வேண்டாம், நான்குதான். பொறியியலுக்குப் போகிறவருக்கும் அதுவே உதவும். இதில் புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று எடுக்க வேண்டும், நம் இயற்பியல் வகுப்பின் 9.8 இங்கே தவறான விடை தரும். அதைவிடப் பெரிய தவறு செங்குத்து எதிர்விசையில் நடக்கும். சொரசொரப்பான தரையில் 5 கிலோ பெட்டியை, கிடைமட்டத்துக்கு மேலே 30 டிகிரி கோணத்தில் 20 நியூட்டன் விசையால் இழுக்கிறோம், உராய்வுக் கெழு 0.3. எடை 50 நியூட்டன் என்பதால் எதிர்விசையும் 50 என்று கை தானாக எழுதிவிடும். கயிறு மேல்நோக்கி 10 நியூட்டனைத் தாங்குவதால் தரை தாங்குவது 40 மட்டுமே, உராய்வு 12 நியூட்டன், முடுக்கம் 1.06. எதிர்விசையை 50 என்று எழுதியவருக்கு 0.464 வரும், பாதிக்கும் குறைவு. படத்தில் எல்லா விசையையும் குறித்த பிறகே சமன்பாடு என்பதை விதியாக வைத்துக்கொண்டால் இந்தத் தாள் நல்ல மதிப்பெண் தரும்.

ஆசிரியரும் திருத்தும் முறையும்

கணிதம் சொல்லித்தர ஆளில்லாத ஊரல்ல இது. சென்னையில் 1950-இல் ராமானுஜன் கணித நிறுவனத்தைத் தொடங்கிய அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் வளர்த்த கல்லூரிகள், இன்றும் இந்த வட்டாரத்துக்குக் கணித ஆசிரியர்களைத் தந்துகொண்டிருக்கின்றன. ஓய்வுபெற்ற பிளஸ் டூ ஆசிரியர் ஒருவர் நான்கில் மூன்று தாளைத் தயக்கமில்லாமல் நடத்துவார். அவருக்குப் பழக்கமில்லாதது இந்தத் தேர்வின் நடை மட்டுமே. பாடத்திட்டத்தையும், சில வினாத்தாள்களையும், அவற்றின் விடைக்குறிப்பையும் அச்செடுத்து முதல் வாரத்திலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

விடைக்குறிப்பில் மதிப்பெண்களுக்கு முன் எம், ஏ, பி என்ற எழுத்துகள் இருக்கும். எம் வழிமுறைக்கு, ஏ அந்த வழிமுறையால் வந்த சரியான விடைக்கு, பி தனித்து நிற்கும் விடைக்கு. எம் கிடைக்காவிட்டால் அதைச் சார்ந்த ஏ கிடைக்காது. நம் பொதுத்தேர்வின் படிநிலை மதிப்பெண்ணுக்கு இது நெருக்கமானது என்பதால் நம் ஆசிரியர்கள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். வேறுபாடு கேள்வியின் மொழியில் இருக்கிறது. "ஷோ தட்" என்றால் விடையைக் கொடுத்துவிட்டார்கள், ஒரு வரி விடாமல் வழி வேண்டும். "ஹென்ஸ்" என்றால் முந்தின பகுதியின் விடையிலிருந்துதான் தொடங்க வேண்டும், புதிய வழியில் சரியாக வந்தாலும் மதிப்பெண் போகலாம். "எக்ஸாக்ட்" என்றால் தசமம் கூடாது, வர்க்கமூலமும் பை (π) என்ற குறியும் அப்படியே நிற்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர் இந்த மூன்றையும் தனியே பழக வேண்டும்.

பதிவு, கடைசி வாரங்கள்

தேர்வு மையம் கேம்பிரிட்ஜ் இணைப்புள்ள பள்ளியாக இருக்க வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வெளியாளைச் சேர்ப்பதும் சேர்க்காததும் அந்தந்தப் பள்ளியின் விருப்பம். ஆகவே புத்தகம் வாங்குவதற்கு முன்பே மையத்தை உறுதி செய்ய வேண்டும். எந்தத் தவணைக்கு வெளியாளை ஏற்பார்கள், கடைசி நாள் எது, இரண்டாம் பாதிக்கும் அங்கேயே எழுத இடம் கிடைக்குமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆதாரில் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, பள்ளிச் சான்றில் வேறு மாதிரி என்ற நம் வழக்கமான குழப்பம் சான்றிதழில் ஏறிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

ஒவ்வொரு தாளுக்கும் கடைசி ஆறு வாரம் பழைய வினாத்தாள்களுக்கே. ஜூனிலும் நவம்பரிலும் தலா குறைந்தது மூன்று வடிவம், மார்ச்சில் ஒன்று, ஆக ஆண்டுக்கு ஒரு தாளுக்கு ஏழுக்குக் குறையாமல் வினாத்தாள்கள் கிடைக்கும். 2020-க்கு முந்தியவற்றை எடுக்கும்போது கவனம் வேண்டும். அப்போது தாள் எண்களே வேறு: இன்றைய ஐந்தாம் தாள் அன்று ஆறாம் தாள், அன்றைய ஐந்தாம் தாள் உயர்நிலை இயக்கவியல். பழைய மூன்றாம் தாளில் வரும் தளங்களின் வெக்டர் கணக்குகள் இன்று பாடத்தில் இல்லை. உந்தமும் பெருக்கற்பரவலும் அன்று இல்லாமல் இன்று சேர்ந்தவை. முதல் இரண்டு வாரம் நேரம் பார்க்காமல் போடலாம். அதன்பிறகு ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம் என்ற கணக்கில், 8 மதிப்பெண் கேள்வி 12 நிமிடத்தில் முடியாவிட்டால் அங்கேயே கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழக வேண்டும். விட்ட கேள்விகளை மறுநாள் காலை முதல் வேலையாக, விடைக்குறிப்பைப் பார்க்காமல் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் வராதவற்றை மட்டும் ஆசிரியரிடம் எடுத்துப் போனால் அவருடைய ஒரு மணி நேரம் முழுதும் பயன்படும்.